பழைய கணினிக் கருவிகளின் தரவுப் பரிமாற்ற வீத அலகுகள்: ஒரு வரலாறு

தரவுப் பரிமாற்ற வீதம் என்பது ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஒரு வினாடியில் எவ்வளவு தரவு செல்கிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். பொருள் எளிதுதான். ஆனால் பழைய கணினிக் கருவிகளின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் குழப்பம் தொடங்கிவிடும். ஒரு மோடத்தில் 2400 என்று இருக்கும். நெகிழ்வட்டு இயக்கியின் கையேட்டில் 500 கிலோபிட் என்றும், குறுந்தகடு இயக்கியின் முகப்பில் 52 எக்ஸ் என்றும், தாய்ப்பலகையின் விவரக் குறிப்பில் 133 மெகாபைட் என்றும் இருக்கும். இவற்றுள் எது வேகமானது, எத்தனை மடங்கு வேகமானது என்பதை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இது தேர்வுத் தாளுக்கான கணக்கு மட்டுமன்று. பழைய வன்தட்டுகளிலும் நெகிழ்வட்டுகளிலும் தங்கிவிட்ட ஆவணங்கள், நூல் பிரதிகள், கணக்குகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை மீட்டெடுக்கப் பலர் இன்றும் முயல்கின்றனர். முப்பது ஆண்டுகள் பழைய வன்தட்டு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. ஆறு நிமிடத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை உண்மையில் ஒரு மணி நேரம் எடுத்தால், பாதி வழியில் தட்டு நின்றுபோகக்கூடும். அலகைத் தவறாகப் படித்தால் விடை எட்டு மடங்கோ பத்து மடங்கோ பிசகும்.

இந்த அலகுகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. ஒவ்வோர் அலகும் ஒவ்வொரு தொழிலில் பிறந்தது. தந்திக்காரர் ஒன்றை எண்ணினார். தொலைபேசிப் பொறியாளர் இன்னொன்றை எண்ணினார். கணினி வடிவமைப்பாளரும் இசைத்தட்டு தயாரிப்பாளரும் வேறு வேறு பொருள்களை எண்ணினர். அந்த வரிசையிலேயே இக்கட்டுரை செல்கிறது.

தந்தியிலிருந்து வந்த அலகு

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ (1845–1903) 1874-இல் ஓர் அச்சுத் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோர்ஸ் குறிமுறையில் ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு நீளம் உடையது. போதோவின் முறையில் எல்லா எழுத்துகளும் ஒரே நீளம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மின்துடிப்பு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரு நிலைகள். ஆகவே 2 × 2 × 2 × 2 × 2 = 32 குறிகள் கிடைத்தன. எழுத்துகளுக்கும் எண்களுக்கும் அது போதாது என்பதால், 'இனி எழுத்து', 'இனி எண்' என்று மாற்றிக் காட்டும் குறிகளும் சேர்க்கப்பட்டன.

போதோவின் பெயரைச் சுருக்கியே 'பாட்' என்னும் அலகு பின்னர் உருவானது. ஒரு கம்பியில் ஒரு வினாடியில் எத்தனை சைகை இடங்கள் செல்கின்றன என்பதே பாட். 50 பாட் என்றால் வினாடிக்கு 50 சைகை இடங்கள். ஒவ்வொன்றின் காலம் 20 மில்லிவினாடி. இந்த அலகு எழுத்தையோ தகவலையோ எண்ணவில்லை, சைகையை மட்டுமே எண்ணுகிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

டெலக்ஸ் சேவை உலகின் பல பகுதிகளில் 50 பாட் வேகத்தில் இயங்கியது. அதில் ஓர் எழுத்துக்கு 5 தரவு இடங்களுடன், தொடக்கத்தைக் காட்ட 1 இடமும் முடிவைக் காட்ட 1.5 இடமும் சேரும், மொத்தம் 7.5. எனவே 50 ÷ 7.5 = வினாடிக்கு ஏறத்தாழ 6.67 எழுத்துகள், அதாவது நிமிடத்திற்கு 400 எழுத்துகள். இடைவெளியையும் சேர்த்து ஒரு சொல்லுக்கு 6 எழுத்து என்று கொண்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 66 சொற்கள். அந்நாளைய தந்தி அலுவலகத்தில் 'நிமிடத்திற்கு இத்தனை சொற்கள்' என்பதே வேகத்தின் அளவு. பாட் என்பதைச் சொற்களாக மாற்றிய இந்தக் கணக்கே தரவு வீத அலகு மாற்றத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று எனலாம்.

பிட்டும் பைட்டும்

அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட தகவல் தொடர்பு பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் 'பிட்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல்லை முன்மொழிந்தவர் ஜான் டூக்கி என்று அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டார். இரண்டு வாய்ப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து சொல்லத் தேவைப்படும் தகவலே ஒரு பிட். இப்போது எண்ணப்படுவது சைகை அன்று, தகவல்.

'பைட்' என்னும் சொல் 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ஸ்ட்ரெச்' கணினித் திட்டத்தில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. 'கடி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு, அது 'பிட்' என்பதோடு எழுத்துப் பிழையாகக் கலந்துவிடக் கூடாது என்பதற்காக எழுத்தை மாற்றினார். தொடக்கத்தில் ஒரு பைட்டுக்கு இத்தனை பிட் என்ற நிலையான அளவு கிடையாது. 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினிக் குடும்பம் எட்டு பிட் பைட்டைக் கொண்டிருந்தது. அதன் பரவலான வெற்றிக்குப் பின் எட்டு என்பதே வழக்காகிவிட்டது.

இங்கேதான் இரு தொழில்களின் பாதை பிரிகிறது. கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் தகவல் தொடர்புப் பொறியாளர்கள் வீதத்தைப் பிட்டில் சொன்னார்கள். கணினி நினைவகத்தில் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு பைட் இருப்பதால் கணினிக்காரர்கள் பைட்டில் சொன்னார்கள். ஆங்கிலச் சுருக்கக் குறியீட்டில் சிறிய 'பி' எழுத்து பிட்டையும் பெரிய 'பி' எழுத்து பைட்டையும் குறிக்கும். எழுத்தின் அளவு மாறினால் பொருள் எட்டு மடங்கு மாறிவிடும்.

இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வீதம் உள்ள இணைப்பையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அந்த இணைப்பில் ஒரு கோப்பை இறக்கினால் திரையில் வினாடிக்கு 30 கிலோபைட் அளவில்தான் எண் தெரியும். இணைப்பில் குறை இருப்பதாகப் பயனர் எண்ணக்கூடும். 256 ÷ 8 = 32; மேற்சுமையும் போனால் 30 என்பது சரியான எண்ணே. இணைப்பை விற்பவர் பிட்டில் சொல்கிறார், கோப்பை இறக்கும் மென்பொருள் பைட்டில் காட்டுகிறது.

பத்தால் வகுக்கும் கணக்கு

பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. ஆனால் பழைய சீரியல் போர்ட் வழியான இணைப்புகளில் இவ்விதி தவறான விடையைத் தரும்.

காரணம் டெலக்ஸ் காலத்ததே. அனுப்பும் கருவிக்கும் பெறும் கருவிக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஆகவே ஒவ்வோர் எழுத்தின் முன்னும் 'இதோ வருகிறது' என்று ஒரு தொடக்க பிட்டும், பின்னால் 'முடிந்தது' என்று நிறுத்த பிட்டும் அனுப்பப்படும். 1960-களில் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் தட்டச்சு முனையம் 110 பாட் வேகத்தில் இயங்கியது. அதில் ஓர் எழுத்துக்கு 1 தொடக்க பிட், 8 பிட் எழுத்து, 2 நிறுத்த பிட் என 11 பிட்டுகள். 110 ÷ 11 = வினாடிக்குச் சரியாக 10 எழுத்துகள்.

பின்னாளில் ஒரு நிறுத்த பிட்டே போதும் என்றாயிற்று. 1 + 8 + 1 = 10. இதனால் ஆர்.எஸ்-232 வகை இணைப்புகளில் மிக வழக்கமான அமைப்பில் பைட் வீதம் காணப் பத்தால் வகுக்க வேண்டும். 300 என்றால் 30 பைட், 1200 என்றால் 120 பைட், 9600 என்றால் 960 பைட். தனிநபர் கணினிகளின் சீரியல் போர்ட்டில் காணப்படும் மேல் எல்லை 1,15,200. இந்த விந்தையான எண்ணுக்கும் காரணம் உண்டு. அந்தச் சில்லுக்குக் கொடுக்கப்பட்ட கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 18,43,200. அதை 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதை மேலும் 12-ஆல் வகுத்தால் 9600, 48-ஆல் வகுத்தால் 2400. பழைய வேகங்கள் பலவும் மீதியின்றிக் கிடைப்பதற்கு ஏற்ற கடிகாரம் அது.

ஒலிநாடாவில் நிரல்களைச் சேமித்த காலத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். 1984-இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினி பயன்படுத்தப்பட்டது. அக்கணினியின் ஒலிநாடா வேகம் 1200 பாட். அதன் சில திரை அமைப்புகள் 20,480 பைட் நினைவகத்தை எடுத்துக்கொண்டன. அப்படி ஒரு முழுத் திரைப் படத்தை நாடாவிலிருந்து ஏற்ற 20,480 ÷ 120 = ஏறத்தாழ 171 வினாடி, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தொகுதிகளுக்கு இடையிலான இடைவெளிகளையும் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும்.

பாட்டும் பிட்டும் பிரிந்த இடம்

அமெரிக்காவில் 1962-இல் வந்த பெல் 103 வகை மோடம் வினாடிக்கு 300 பிட் அனுப்பியது. அது ஒரு சைகைக்கு ஒரு பிட் அனுப்பியதால் 300 பாட் என்றாலும் 300 பிட் என்றாலும் ஒன்றே. இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் அக்காலத்தில் ஊன்றிவிட்டது.

தொலைபேசிக் கம்பியில் செல்லும் ஒலியின் அலைவெண் எல்லை குறுகியது. சைகைகளின் எண்ணிக்கையை விரும்பியபடி கூட்ட முடியாது. ஆகவே பொறியாளர்கள் ஒவ்வொரு சைகையிலும் அதிக பிட்டுகளை ஏற்றினர். நான்கு வகைச் சைகைகள் இருந்தால் ஒவ்வொன்றும் 2 பிட் சுமக்கும்; பதினாறு வகை இருந்தால் 4 பிட் சுமக்கும். அதன் விளைவு பின்வருமாறு:

பெல் 212ஏ: 600 பாட் × 2 பிட் = 1200 பிட்
வி.22 பிஸ்: 600 பாட் × 4 பிட் = 2400 பிட்
வி.32: 2400 பாட் × 4 பிட் = 9600 பிட்
வி.32 பிஸ்: 2400 பாட் × 6 பிட் = 14,400 பிட்

கடைகளில் '2400 பாட் மோடம்' என்று விற்கப்பட்டது உண்மையில் 600 பாட் மோடமே. பெயர் தவறானாலும் வாங்கியவருக்கு நட்டம் இல்லை. 2400 என்பது பிட் கணக்கில் சரி. ஆனால் பழைய கையேட்டில் 'பாட்' என்று கண்டதும் அதை மீண்டும் 4-ஆல் பெருக்கிவிடுபவர் 9600 என்னும் தவறான விடையை அடைவார். மோடத்தின் விளம்பரத்தில் வரும் பாட் என்ற சொல்லைப் பெரும்பாலும் 'வினாடிக்கு பிட்' என்றே படிக்க வேண்டும். தர ஆவணத்தில் வரும் பாட் என்பதைச் சைகை என்று படிக்க வேண்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, தொலைபேசி வழி மோடமே சாதாரணப் பயனரின் வழி. 1994-இல் வந்த வி.34 தரம் 28,800 பிட்டையும் பின்னர் 33,600 பிட்டையும் தந்தது. 1998-இல் வி.90 தரம் வந்தது. அதன் 56 கிலோபிட் என்னும் எண் தொலைபேசி நிலையத்தின் எண்முறை அமைப்பிலிருந்து பிறந்தது. அங்கே ஒரு குரல் வினாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டாக எழுதப்படும்; 8000 × 8 = 64,000. அந்த எட்டில் ஏழு பிட்டையே நம்பிப் பயன்படுத்த முடியும் என்று கொண்டால் 8000 × 7 = 56,000. அதுவும் பயனரை நோக்கி வரும் திசையில் மட்டுமே. எதிர்த் திசையில் வீதம் குறைவு.

ஆயிரமா, 1024-ஆ?

'கிலோ' என்னும் முன்னொட்டு 1795-இல் பிரான்சின் மெட்ரிக் முறையோடு வந்தது. அதன் பொருள் ஆயிரம். ஆனால் கணினி நினைவகம் முகவரிக் கம்பிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைகிறது. பத்துக் கம்பிகள் இருந்தால் 1024 முகவரிகள். 1024 என்பது ஆயிரத்துக்கு அருகில் இருந்ததால் அதையும் 'கிலோ' என்று அழைத்தார்கள். வேறுபாடு 2.4 விழுக்காடு, யாருக்கும் உறுத்தவில்லை.

அளவு பெருகப் பெருக வேறுபாடும் பெருகியது. மெகாவில் 4.9 விழுக்காடு, கிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10. 80 கிகாபைட் என்று விற்கப்பட்ட வன்தட்டு, 1024-இன் அடுக்கில் கணக்கிடும் கணினியில் 74.5 என்று காட்டும். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2006-இல் இத்தகைய வழக்கொன்றில் சமரசம் செய்துகொண்டு, வாங்கியவர்களுக்குக் காப்புப்படி எடுக்கும் மென்பொருளை இலவசமாகத் தர முன்வந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் புதிய முன்னொட்டுகளை ஏற்றது. 1024 பைட் ஒரு கிபிபைட். 1024 கிபிபைட் ஒரு மெபிபைட். 1024 மெபிபைட் ஒரு கிபிபைட்டின் இன்னும் உயர்ந்த அடுக்கான ஜிபிபைட். பழைய கருவிகளின் கையேடுகள் இவற்றுக்கு முற்பட்டவை என்பதால் அங்கே இரண்டு பொருளிலும் 'கிலோ' வரும்.

ஒரு நல்ல விதி உண்டு. கம்பி வழியான பிட் வீதங்களில் கிலோ எப்போதும் ஆயிரமே. ஏனெனில் அவ்வீதத்தைத் தீர்மானிப்பது கடிகாரம், முகவரி அன்று. 64 கிலோபிட் என்றால் 64,000, 65,536 அன்று. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய இ1 என்னும் தொலைபேசித் தடத்தின் வீதம் 2.048 மெகாபிட். இது 1024-இன் இரு மடங்கு போலத் தோன்றி ஏமாற்றும். உண்மையில் 32 தடங்கள் × 64,000 = 20,48,000; முழுக்க முழுக்க ஆயிரக் கணக்கே. அமெரிக்காவின் டி1 தடத்தில் 24 தடங்களுக்கு 192 பிட்டும் ஒழுங்குக்கு ஒரு பிட்டும் சேர்ந்து 193; 193 × 8000 = 15,44,000.

நெகிழ்வட்டும் வன்தட்டும்

3.5 அங்குல நெகிழ்வட்டின் '1.44 மெகாபைட்' அலகுக் கலப்புக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் இரு பக்கங்கள், பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பகுதிகள், பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் இது 1.47 மெகாபைட், 1024 கணக்கில் 1.41 மெபிபைட். 1.44 எங்கிருந்து வந்தது? 14,74,560 ÷ 1024 = 1440; அதை ஆயிரத்தால் வகுத்தால் 1.44. ஒரு முறை 1024, ஒரு முறை 1000. இரண்டு முறைகளிலும் சேராத மூன்றாவது மெகாபைட் அது.

அதன் பரிமாற்ற வீதம் வினாடிக்கு 500 கிலோபிட். எட்டால் வகுத்தால் 62,500 பைட். ஆனால் வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது வினாடிக்கு 5 சுற்று சுழல்கிறது. ஒரு சுற்றில் 18 × 512 = 9216 பைட் தரவே கிடைக்கும்; 5 சுற்றில் 46,080 பைட், அதாவது 45 கிபிபைட். மீதி, பகுதிகளின் தலைப்புகளுக்கும் சரிபார்ப்பு எண்களுக்கும் இடைவெளிகளுக்கும் போய்விடுகிறது. 160 தடங்களையும் தடத்துக்கு ஒரு சுற்று வீதம் படிக்க 32 வினாடி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் இதைவிடக் கூடும்.

1980-இல் வெளிவந்த எஸ்டி-506 வன்தட்டு 5 மெகாபைட் கொள்ளளவு உடையது. அதன் இணைப்பு வீதம் 5 மெகாபிட். இந்த இணைப்பு முறையையே பின்வந்த பல வன்தட்டுகளும் பின்பற்றின. 5 மெகாபிட் என்றால் 6,25,000 பைட். தனிநபர் கணினிகளில் வழக்கமாயிருந்த 17 பகுதி அமைப்பில், நிமிடத்துக்கு 3600 சுற்று சுழலும் தட்டு 17 × 512 × 60 = 5,22,240 பைட், அதாவது 510 கிபிபைட் தரும். ஆனால் அன்றைய கட்டுப்பாட்டு அட்டைகள் அடுத்தடுத்த பகுதிகளை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் திறன் அற்றவை. ஆகவே பகுதிகளை இடைவெளி விட்டு எண்ணிட்டார்கள். ஆறுக்கு ஒன்று என்று எண்ணிட்ட தட்டில் ஒரு தடத்தைப் படிக்க ஆறு சுற்று தேவை; வீதம் 510 ÷ 6 = 85 கிபிபைட்டாகக் குறைந்துவிடும். பெட்டியில் 5 மெகாபிட். கையில் கிடைப்பது 85 கிபிபைட். இரண்டும் உண்மையே.

குறுந்தகட்டின் 'எக்ஸ்'

1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு வினாடிக்கு 44,100 முறை, இரு தடங்களில், 16 பிட் வீதம் ஒலியைப் பதிவு செய்கிறது. 44,100 × 2 × 16 = 14,11,200 பிட்; அதாவது 1,76,400 பைட். தகடு வினாடிக்கு 75 பகுதிகளைத் தருகிறது. ஒவ்வொன்றிலும் 2352 பைட்.

இசையில் ஒரு பைட் தவறினால் காது பொறுத்துக்கொள்ளும். நிரலில் தவறினால் அது இயங்காது. எனவே தரவுக் குறுந்தகட்டில் பிழை திருத்தத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டு, பகுதிக்கு 2048 பைட் மட்டுமே தரவுக்கு விடப்பட்டது. 75 × 2048 = 1,53,600 பைட்; 1024-ஆல் வகுத்தால் 150 கிபிபைட். இதுவே 1 எக்ஸ். 'எக்ஸ்' என்பது தனி அலகு அன்று, இசைத் தகட்டின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதற்கான குறி.

52 எக்ஸ் இயக்கி 52 × 150 = 7800 கிபிபைட், ஏறத்தாழ 8 மெகாபைட். 74 நிமிடத் தகட்டில் 68,19,84,000 பைட் தரவு உள்ளது. அதை 52 எக்ஸ் வேகத்தில் முழுதும் படித்தால் 85 வினாடி போதும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் அப்படி நடக்காது. இத்தகைய இயக்கி தகட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுழற்றுகிறது. வெளி விளிம்பில் மட்டுமே 52 எக்ஸ், உள் விளிம்பில் அதில் பாதிக்கும் குறைவு. தகடு உள்ளிருந்து வெளியாக எழுதப்படுவதால், பாதி நிறைந்த தகட்டில் உச்ச வேகம் வருவதே இல்லை. டி.வி.டி.யின் 1 எக்ஸ் வேறு. அது வினாடிக்கு ஏறத்தாழ 13,85,000 பைட், குறுந்தகட்டைப்போல் ஒன்பது மடங்கு. 'எக்ஸ்' என்று கண்டால் எந்தத் தகட்டின் எக்ஸ் என்று கேட்க வேண்டும்.

வழித்தடங்களும் வலையமைப்பும்

கணினியின் உள்ளே தரவு செல்லும் வழித்தடமாகிய பஸ், பல கம்பிகளில் ஒரே நேரத்தில் பிட்டுகளை அனுப்புகிறது. ஆகவே அங்கே அகலத்தையும் துடிப்பையும் பெருக்க வேண்டும். 1992-இல் வந்த பி.சி.ஐ. வழித்தடம் 32 பிட், அதாவது 4 பைட் அகலம், துடிப்பு 33.33 மெகாஹெர்ட்ஸ். 4 × 33.33 = வினாடிக்கு 133 மெகாபைட். துடிப்பு ஆயிரக் கணக்கில் இருப்பதால் இந்த மெகாவும் ஆயிரக் கணக்கே. மெபிபைட்டில் சொன்னால் 127. மேலும், இந்த 133 வழித்தடத்தில் உள்ள எல்லா அட்டைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய மொத்தம்.

2003 அளவில் பரவத் தொடங்கிய சாட்டா இணைப்பு 1.5 கிகாபிட் வீதம் கொண்டது. எட்டால் வகுத்தால் 187.5 வரும், ஆனால் கையேட்டில் 150 மெகாபைட் என்றே இருக்கும். காரணம், ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாக மாற்றி எழுதப்படுகிறது. டெலிடைப் காலத்துத் தொடக்க, நிறுத்த பிட்டுகள் மறைந்துபோனாலும், வேறு காரணத்துக்காகப் பத்தால் வகுக்கும் கணக்கு மீண்டும் வந்துவிட்டது.

யு.எஸ்.பி. 1.1 இணைப்பின் உயர் வீதம் 12 மெகாபிட்; எட்டால் வகுத்தால் 1.5 மெகாபைட். ஆனால் கோப்புகளை அனுப்பும் முறையில் ஒரு மில்லிவினாடிக்கு 64 பைட் கொண்ட 19 பொட்டலங்களே செல்ல முடியும். 19 × 64 × 1000 = 12,16,000 பைட். அதை 1,53,600-ஆல் வகுத்தால் 7.9. அந்தத் துறையில் 52 எக்ஸ் இயக்கியை இணைத்தாலும் 8 எக்ஸைத் தாண்டாது. 10 மெகாபிட் ஈதர்நெட்டிலும் இப்படியே. 1500 பைட் சுமையை அனுப்ப முன்னொலி, தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் நேரம் தேவை. கோப்பின் பங்கு அதில் ஏறத்தாழ 1460. எனவே 12,50,000 பைட்டில் கிடைப்பது அதிகம் போனால் 11,87,000 பைட் அளவே.

மாற்றும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு கேள்விகள் பிறக்கின்றன. எந்தப் பழைய கருவியின் எண்ணைக் கண்டாலும் இவ்வரிசையில் கேட்டால் குழப்பம் நீங்கும்.

1. எண்ணப்படுவது எது? சைகையா, பிட்டா, பைட்டா, மடங்கா?
2. கிலோ என்பது ஆயிரமா, 1024-ஆ?
3. தரவோடு சேர்ந்து வேறென்ன செல்கிறது? தொடக்க, நிறுத்த பிட்டுகளா, தலைப்புகளா, பிழை திருத்தமா?
4. இது உச்ச வீதமா, தொடர்ந்து கிடைக்கும் வீதமா?

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். பழைய கணினியில் 40 மெகாபைட் வன்தட்டு இருக்கிறது. இந்த 40 என்பது 1024 கணக்கில் உள்ளது என்று கொள்வோம். அதை முழுதும் சீரியல் கம்பி வழியாக இன்னொரு கணினிக்கு மாற்ற வேண்டும். இணைப்பு வேகம் 1,15,200.

தரவு: 40 × 1024 × 1024 = 4,19,43,040 பைட்.
சீரியல் இணைப்பில் பைட் வீதம்: 1,15,200 ÷ 10 = 11,520.
நேரம்: 4,19,43,040 ÷ 11,520 = 3641 வினாடி; அதாவது ஒரு மணி நேரமும் 41 வினாடியும்.

எட்டால் வகுத்திருந்தால் 48 நிமிடம் அரை வந்திருக்கும். 1,15,200 என்பதைப் பைட் என்று படித்திருந்தால் ஆறு நிமிடம் என்று நம்பியிருப்போம். பழைய கணினியால் 9600-க்கு மேல் போக முடியாது என்றால் வீதம் 960 பைட். நேரம் 12 மணி 8 நிமிடம். அந்நேரம் முழுதும் பழைய தட்டு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், மின்சாரமும் போகாமல் இருக்க வேண்டும்.

அதே கணினியில் ஈதர்நெட் அட்டை இருந்தால்? வலையமைப்பின் கணக்கில் 35 வினாடி. ஆனால் வன்தட்டு 510 கிபிபைட்டுக்கு மேல் தராத பழைய வகை என்றால் 80 வினாடிக்குக் குறையாது. இடைவெளி விட்டு எண்ணிட்ட தட்டு என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல். பல கண்ணிகள் உள்ள சங்கிலியில் மிக மெதுவான கண்ணியே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே எல்லா வீதங்களையும் முதலில் 'வினாடிக்கு பைட்' என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவந்து, அவற்றுள் சிறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் வேறு வழி தேடுவார். முக்கியமான கோப்புகளை முதலில் எடுப்பார். அல்லது தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் பார்ப்பார். ஆறு நிமிடம் என்று நம்பியவர் கோப்புகளை வந்த வரிசையில் அனுப்பத் தொடங்குவார். தட்டு இடையில் நின்றுவிட்டால் அவர் கையில் இருப்பது எந்தக் கோப்பு என்பது தற்செயலைப் பொறுத்தது.